தழைச்சத்தைத் தப்பவிடாத புல்

மேய்ச்சல் நிலத்தில் ஒரு பசு, தலையைக்கூட நிமிர்த்தாமல் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டு அடுத்த வாய்ப் புல்லுக்கு நகர்கிறது. இரண்டு லிட்டர் இருக்கலாம். நனைந்த தரை அரை சதுர மீட்டர்கூட இருக்காது. அந்தத் துண்டு மண்ணில் விழுந்த தழைச்சத்தை ஹெக்டேர் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால் 200 முதல் 1,000 கிலோ வரை வருகிறது. நெல்லுக்குப் பரிந்துரைக்கும் அளவைவிடக் கூடுதல், சில இடங்களில் பல மடங்கு. எந்தப் புல்லாலும் அவ்வளவையும் உடனே உறிஞ்சிவிட முடியாது. உறிஞ்ச முடியாதது எங்கே போகிறது என்பதுதான் உலகத்தின் மேய்ச்சல் நிலங்களைப் பிடித்து ஆட்டும் கேள்வி.

தின்ற தீவனத்திலுள்ள தழைச்சத்தில் பொதுவாக முக்கால் பங்கு அளவுக்கு மாடு சாணமாகவும் சிறுநீராகவும் வெளியே தள்ளிவிடுகிறது. பாலாகவும் தசையாகவும் மாறுவது மிச்சம் மீதிதான். விவசாயி காசு கொடுத்து யூரியா வாங்குகிறார், புல் அதைப் புரதமாக்குகிறது, மாடு அந்தப் புரதத்தில் பெரும்பகுதியை மறுபடி யூரியாவாக்கித் தரையில் விடுகிறது.

பயிர் மேம்பாட்டில் ‘தழைச்சத்துப் பயன்பாட்டுத் திறன்’ என்று பேச்செடுத்தால் நெல், கோதுமை, மக்காச்சோளம் பக்கம்தான் எல்லோருடைய கண்ணும் போகும். போட்ட உரத்தில் எவ்வளவு வேருக்குள் ஏறியது, ஏறியதில் எவ்வளவு மணியாக மாறியது என்ற இரண்டு கேள்விகளோடு தானியத்தின் கணக்கு முடிந்துவிடும். தீவனப் புல்லின் கணக்கு அப்படி முடிவதில்லை. மண்ணில் ஒரு தடவை நஷ்டம். மாட்டின் வயிற்றில் இன்னொரு தடவை. அங்கே வீணானது திரும்ப மண்ணுக்கு வந்து, மூன்றாவது தடவையும் கைவிட்டுப் போகிறது. இந்த நஷ்டங்களை ஒரு விதைக்குள்ளேயே அடைத்துவிட முடியுமா என்று பார்ப்பவர்கள் உலகில் சில ஆய்வு நிலையங்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய வேலை மெதுவாக நகர்கிறது. ஆனாலும் அதில் நம் ஊருக்கும் படிப்பினை உண்டு.

மண்ணில் நடக்கும் நஷ்டம் எப்படி நடக்கிறது? சிறுநீரில் இருக்கும் யூரியாவும் மூட்டையைப் பிரித்து வீசும் யூரியாவும் மண்ணில் ஒரே வழியில்தான் போகின்றன. முதலில் அமோனியமாகின்றன. அமோனியத்துக்கு நேர்மின் சுமை. களிமண் துகளுக்கும் மட்குக்கும் எதிர்மின் சுமை. அதனால் அமோனியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், வேர் வரும்வரை காத்திருக்கும். ஆனால் நைட்ரோசோமோனாஸ் போன்ற நுண்ணுயிரிகள் அதை அப்படியே கிடக்க விடுவதில்லை. அமோனியத்தை எரித்துத்தான் அவற்றின் பிழைப்பே நடக்கிறது. சில நாட்களுக்குள் அமோனியம் நைட்ரைட்டாகவும், வேறு நுண்ணுயிரிகளின் கையில் நைட்ரேட்டாகவும் மாறிவிடும். நைட்ரேட்டுக்கு எதிர்மின் சுமை. மண்ணில் பிடிமானம் கிடையாது. ஒரு நல்ல மழை பெய்தால் வேரைத் தாண்டிக் கிணற்று நீருக்கு இறங்கிவிடும். தண்ணீர் தேங்கிக் காற்றில்லாத மண்ணில் அகப்பட்டால், இன்னொரு கூட்டம் நுண்ணுயிரிகள் அதை உடைத்து வாயுவாக்கிவிடும். அப்படிக் கிளம்பும் வாயுக்களில் ஒன்று நைட்ரஸ் ஆக்சைடு. நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்று பன்னாட்டு பருவநிலைக் குழு மதிப்பிட்டிருக்கிறது.

அமோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். இதற்காக ரசாயனங்கள் உண்டு. நம் ஊர் வேப்பம் பூச்சு யூரியாவும் அந்தக் குடும்பம்தான். ஆனால் ஒரு புல் தானாகவே இந்த வேலையைச் செய்கிறது என்பதைக் கண்டுபிடிக்க, கொலம்பியாவின் ஒரு மேய்ச்சல் சமவெளிவரை போக வேண்டியிருந்தது.

நைட்ரேட் சேராத மண்

கொலம்பியாவின் கிழக்கே, ஓரினோகோ ஆற்றின் பக்கமாக விரிந்து கிடக்கும் புல்வெளிக்கு லானோஸ் என்று பெயர். சிவந்த, அமிலம் ஏறிய மண். கரைந்து கிடக்கும் அலுமினியம் வேரின் நுனியையே கருக்கிவிடும். உள்ளூர்ப் புல்லை நம்பி அங்கே மாடு பெருக்க முடியவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பிராக்கியாரியா வகைப் புற்கள்தான் அந்த நிலத்துக்கு உயிர் கொடுத்தன. பிரேசிலில் மட்டும் இன்று பல கோடி ஹெக்டேரில் இவை பரந்து கிடக்கின்றன. தாவரவியலாளர்கள் இப்போது இவற்றை யூரோக்ளோவா என்று மாற்றிக் கூப்பிடுகிறார்கள். மாடு வளர்ப்பவர்களும் விதை வியாபாரிகளும் பழைய பெயரை விடவில்லை. இந்தக் கட்டுரையும் விடப்போவதில்லை.

கொலம்பியாவின் பால்மிரா நகருக்கு அருகே இருக்கிறது சியாட் எனப்படும் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் மையம். அதன் ஆய்வாளர்கள் 1984, 1985 ஆண்டுகளில் எத்தியோப்பியா, கென்யா, தான்சானியா உள்ளிட்ட கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் சுற்றி, நூற்றுக்கணக்கான பிராக்கியாரியா மாதிரிகளைச் சேகரித்து வந்தார்கள். அவர்கள் தேடியது அமில மண்ணைத் தாங்கும் புல்லையும், நுரைக்குள் ஒளிந்து சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அசையாத புல்லையும்தான். தழைச்சத்து அப்போது யார் பட்டியலிலும் இல்லை.

பிராக்கியாரியா ஹியூமிடிகோலா என்ற இனம் மட்டும் ஒரு புதிரைப் போட்டது. அது வளர்ந்த மண்ணில் நைட்ரேட் சேரவே இல்லை. சில்வெஸ்டர்-பிராட்லியும் சகாக்களும் 1988-இல் இதை ஒரு கட்டுரையாகவே வெளியிட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில், லம்டோ புல்வெளியிலும் ஒரு காட்டுப் புல்லிடம் இதே குணம் தென்பட்டது. பக்கத்துப் பக்கத்து இடங்களிலேயே ஒரு கூட்டம் புல் நைட்ரேட்டை உண்டாக விடவில்லை, இன்னொரு கூட்டம் விட்டது. புல்லே நைட்ரேட்டை வேகமாக உறிஞ்சிவிடுகிறதா, அல்லது நைட்ரேட் உண்டாவதையே தடுக்கிறதா? இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கச் சரியான கருவி இல்லாமல் விஷயம் பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது.

கருவி ஜப்பானிலிருந்து வந்தது. சுகுபா நகரின் ஜிர்காஸ் ஆய்வு மையத்தில் ஜி.வி. சுப்பாராவ் இந்த வேலையைக் கையிலெடுத்தார். ஐதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் ஆய்வு மையத்தில் முன்பு துவரையின் உப்பைத் தாங்கும் திறனை ஆராய்ந்தவர் அவர். அவருடைய குழு பயன்படுத்தியது மின்னும் ஒரு பாக்டீரியாவை. கடலில் வாழும் ஒளிரும் நுண்ணுயிரியின் மரபணுவை நைட்ரோசோமோனாஸுக்குள் ஏற்றியிருந்தார்கள். அது அமோனியத்தை ஆக்சிஜனேற்றம் செய்துகொண்டிருக்கும்வரை ஒளி வீசும். யாராவது அதன் வேலையைத் தடுத்தால் ஒளி மங்கும்.

செய்முறையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். மண் இல்லாமல் சத்துக் கரைசலில் வளர்த்த புல்லைத் தூக்கி, வேரைக் கழுவி, சிறிதளவு அமோனியம் கலந்த நீரில் ஒரு நாள் முழுக்க ஊற வைக்கிறார்கள். பிறகு புல்லை எடுத்துவிட்டு அந்த நீரைச் சுண்ட வைக்கிறார்கள். அடியில் மிஞ்சும் கசிவில் ஒரு துளியை மின்னும் பாக்டீரியாவோடு சேர்த்து, ஒளிமானியில் வைக்கிறார்கள். எண் சரசரவென்று இறங்கினால் வேர் எதையோ கசிய விட்டிருக்கிறது என்று பொருள். ஹியூமிடிகோலாவின் கசிவுக்கு எண் இறங்கியது. அதிலும் வேரைச் சுற்றி அமோனியம் இருந்தபோதுதான் கசிவு அதிகம். வேரின் எந்தப் பகுதி அமோனியத்தைத் தொடுகிறதோ அந்தப் பகுதியில்தான் கசிகிறது. தேவையில்லாத இடத்தில் சரக்கை வீணாக்காத சிக்கனம் அது.

அந்தக் கசிவில் முக்கியமான பொருளைப் பிரித்தெடுத்து ‘பிராக்கியாலாக்டோன்’ என்று பெயர் சூட்டினார்கள். 2009-இல் அமெரிக்க அறிவியல் கழகத்தின் இதழில் வந்த கட்டுரையில் சுப்பாராவோடு சியாட்டின் ஐ.எம். ராவ் உள்ளிட்ட பலர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். பால்மிரா வயலில் மூன்று ஆண்டுகள் வைத்துப் பார்த்ததில், சோயா மொச்சை வளர்ந்த பாத்தியோடு ஒப்பிட்டால் ஹியூமிடிகோலா பாத்தியிலிருந்து கிளம்பிய நைட்ரஸ் ஆக்சைடு 90 சதவீதத்துக்கு மேல் குறைவு. வேர்க்கசிவின் தடுக்கும் ஆற்றலில் 60 முதல் 90 சதவீதம்வரை இந்த ஒரு பொருளிடமிருந்தே வருகிறது. பக்கத்திலேயே கினியா புல் பாத்தியும், ‘முலாட்டோ’ என்ற வீரிய ஒட்டு பிராக்கியாரியா பாத்தியும் இருந்தன. அவற்றால் இந்த அளவுக்கு முடியவில்லை.

முலாட்டோ பின்தங்கியது கவனிக்க வேண்டிய சேதி. விளைச்சலும் தரமும் கூடிய புல் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கிய முதல் ஒட்டுப் பிராக்கியாரியா அது. வேருக்கு அடியில் நடப்பதை யாரும் அளக்காததால், அந்தக் குணம் இருக்கிறதா இல்லையா என்பதே தேர்வில் இடம்பெறவில்லை.

தாயைப் போலப் பிள்ளை

நல்ல குணம் ஓர் இனத்தில் இருக்கிறது, நல்ல தீவனத் தரம் இன்னோர் இனத்தில் இருக்கிறது என்றால், இரண்டையும் கலந்து விடலாமே என்று தோன்றும். பிராக்கியாரியாவில் அது லேசில் நடக்கிற காரியமல்ல. ‘தாயைப் போலப் பிள்ளை’ என்ற சொலவடை இந்தப் புல்லுக்கு அட்சரம் பிசகாமல் பொருந்தும். பெரும்பாலான வகைகளில் மகரந்தக் கலப்பு நடக்காமலே சூலில் விதை உருவாகிவிடும். அந்த விதை தாயின் அச்சு அசல் நகல். மாடு வளர்ப்பவருக்கு இது வரம். வாங்கும் ஒவ்வொரு விதையும் ஒரே மாதிரி முளைக்கும். பயிர் மேம்பாட்டாளருக்கோ இது பூட்டிய கதவு. கலக்கவே முடியாத செடியில் எதைத் தேர்ந்தெடுப்பது?

1980களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் ஒரு திறவுகோல் கிடைத்தது. பிராக்கியாரியாவில் ருசிசியென்சிஸ் என்ற இனம் முறைப்படி கலந்து விதை வைக்கும். ஆனால் அதன் குரோமோசோம் எண்ணிக்கை மற்ற இனங்களைவிடப் பாதிதான் என்பதால் அவற்றோடு ஒட்டாது. கோல்ச்சிசின் என்ற ரசாயனத்தைக் கொண்டு அதன் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார்கள். அதைத் தாயாக வைத்துத்தான் கொலம்பியாவிலும் பிரேசிலிலும் ஒட்டு வேலையே தொடங்கியது. முலாட்டோ அந்த வழியில் வந்ததுதான்.

ஹியூமிடிகோலாவுக்கு இந்தத் திறவுகோலும் பொருந்தவில்லை. சேகரிப்பில் இருந்த மாதிரிகளுக்கு நடுவே இயற்கையாகவே கலந்து விதை வைக்கும் ஒரு ஹியூமிடிகோலா அகப்பட்ட பிறகே, அந்த இனத்துக்குள் கலப்பு சாத்தியமானது. சியாட்டும் பிரேசிலின் எம்பிராபா நிறுவனமும் அதைப் பயன்படுத்துகின்றன. கலப்பில் பிறக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதி மறுபடியும் நகல் விதை வைக்கும், மீதிப் பாதி கலந்து விதை வைக்கும். முதல் பாதியிலிருந்து ரகம் எடுக்கலாம். இரண்டாம் பாதி அடுத்த தலைமுறைக் கலப்புக்கு உதவும். எது எந்தப் பாதி என்பதை நாற்றுப் பருவத்திலேயே சொல்லும் மரபணு அடையாளங்கள் இப்போது இருப்பதால், பூக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு தலைவலி அளப்பதில் இருந்தது. நூறு செடி இருந்தால் நூறு வேரையும் ஊற வைத்துச் சுண்டவைத்துப் பார்க்க முடியும். ஆயிரம் செடிக்கு அது கட்டுப்படியாகாது. சியாட்டும் ஜெர்மானிய ஆய்வாளர்களும் சேர்ந்து 2018-இல் இதற்கு ஒரு குறுக்கு வழி காட்டினார்கள். தழைச்சத்தான நைட்ரஜனில் சாதாரண எடையுள்ள அணுவும் உண்டு, கொஞ்சம் கனத்த அணுவும் உண்டு. நுண்ணுயிரிகள் அமோனியத்தை நைட்ரேட்டாக்கும்போது லேசான அணுவைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும். அந்த நைட்ரேட் மழையோடு போய்விட்டால் மண்ணில் மிஞ்சுவது கனத்த அணு. அதை உறிஞ்சும் இலையும் கனக்கும். வேர் நைட்ரேட்டாக்கத்தைத் தடுத்து வைத்திருந்தால் இந்தக் கழிவு நடக்காது, இலையில் கனத்த அணு குறைவாகவே இருக்கும். ஆக, ஒரு கிள்ளு இலையைப் பரிசோதித்தாலே வேர் செய்யும் வேலையை ஓரளவு ஊகித்துவிடலாம். பயிர் மேம்பாட்டாளருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு இருக்க முடியாது.

இதே காலத்தில் மாட்டின் சிறுநீரையே வைத்தும் சோதித்தார்கள். ஹியூமிடிகோலாவின் ‘டல்லி’ ரகம் ஒரு பக்கம், முலாட்டோ ஒரு பக்கம். இரண்டிலும் மாட்டுச் சிறுநீரை ஊற்றி, மேலே மூடி வைத்துக் கிளம்பும் வாயுவை அளந்தார்கள். டல்லியிலிருந்து வந்த நைட்ரஸ் ஆக்சைடு முலாட்டோவில் வந்ததில் பாதிகூட இல்லை. லானோஸில் பல ஆண்டுகள் ஹியூமிடிகோலா வளர்ந்த நிலத்தை உழுது மக்காச்சோளம் போட்டபோது, தொடர்ந்து மக்காச்சோளமே போட்ட நிலத்தைவிட உரத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டு கூடுதலாக விளைந்தது. புல் போன பிறகும் அது செய்த வேலை மண்ணில் கொஞ்ச காலம் நிற்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு குறையையும் சொல்லியாக வேண்டும். ஹியூமிடிகோலா அப்படியொன்றும் ருசியான தீவனம் அல்ல. புரதம் குறைவு, செரிமானமும் சுமார். அதை மட்டும் மேய்ந்த மாடு எடை போடுவது மற்ற பிராக்கியாரியாவை மேய்ந்ததைவிட மெதுவாகவே இருக்கும். தழைச்சத்தைப் பிடித்து வைக்கும் புல்லிடமே புரதம் குறைவாக இருப்பது முரண்தான். அதன் சொந்த ஊர் வளமில்லாத மண் என்பதை நினைத்தால் காரணம் புரியும். இல்லாத இடத்தில் பிழைத்த புல், இருப்பதை விடாமல் பிடித்துக்கொள்ளப் பழகியிருக்கிறது. தாராளமாகச் செலவழிக்கப் பழகவில்லை. இந்த இரண்டையும் ஒரே செடியில் சேர்ப்பதுதான் இப்போது நடக்கும் வேலையின் மையம். இன்னொன்று, சுண்ணாம்பு மிகுந்த களர் மண்ணில் அமோனியத்தை நெடுநாள் நிறுத்தி வைத்தால், அதில் ஒரு பகுதி அமோனியா வாயுவாகப் பறந்துவிடும் அபாயமும் உண்டு. அமில மண்ணில் வென்ற உத்தி எல்லா மண்ணிலும் அப்படியே வெல்லும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

வேல்ஸின் இனிப்புப் புல்

மண்ணில் நடக்கும் நஷ்டத்தை லத்தீன் அமெரிக்காவில் அடைக்கப் பார்த்த அதே காலத்தில், மாட்டின் வயிற்றில் நடக்கும் நஷ்டத்தைப் பிரிட்டனில் கையிலெடுத்தார்கள். வேல்ஸின் கடற்கரை நகரமான அபெரிஸ்ட்வித்தில் 1919-இல் தொடங்கிய புல் ஆய்வு நிலையம், குளிர்நாட்டு ரைபுல் ரகங்களுக்குப் பேர் போனது.

அசைபோடும் மாட்டின் முதல் வயிறு நுண்ணுயிரிகளின் தொட்டி. பச்சைப் புல்லின் புரதம் அங்கே போனதும் வெகு சீக்கிரம் அமோனியாவாக உடைந்துவிடும். அந்த அமோனியாவைப் பிடித்து நுண்ணுயிரிகள் தங்கள் உடம்பாக்கிக்கொண்டால், அதுவே பிறகு மாட்டுக்குப் புரதமாகும். ஆனால் அதைப் பிடிக்க அவற்றுக்கு அதே நேரத்தில் சக்தி வேண்டும். புல்லின் நார் மெதுவாகவே சக்தி தரும். அமோனியா வரும் வேகத்துக்கு அது ஈடு கொடுப்பதில்லை. மிச்ச அமோனியா ரத்தத்தில் கலந்து, கல்லீரலில் யூரியாவாகி, சிறுநீரில் வெளியேறுகிறது.

புல்லின் இலையிலேயே சர்க்கரையைக் கூட்டிவிட்டால்? சர்க்கரை உடனே கரையும், உடனே சக்தி தரும். அபெரிஸ்ட்வித்தில் பல தலைமுறைகள் தேர்வு செய்து ‘அபெர்டார்ட்’ போன்ற இனிப்பு ரைபுல் ரகங்களை உருவாக்கினார்கள். 2001-இல் வெளியான சோதனையில், கறவைக் காலத்தின் கடைசிக் கட்டத்தில் இருந்த மாடுகளுக்கு இந்தப் புல்லைப் போட்டபோது தீவனத் தழைச்சத்தில் பாலுக்குப் போன பங்கு 23 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாக உயர்ந்தது. சிறுநீரில் போன பங்கு 35 சதவீதத்திலிருந்து கால் பங்கு அளவுக்கு இறங்கியது. எந்த மருந்தும் இல்லை, பயிற்சியும் இல்லை. புல்லை மட்டும்தான் மாற்றினார்கள்.

பின்னால் நடந்த எல்லாச் சோதனைகளிலும் இதே பலன் கிடைத்துவிடவில்லை. நியூசிலாந்துக்குக் கொண்டுபோனபோது சில இடங்களில் புல்லில் இனிப்பே சரியாக ஏறவில்லை. இலையில் சர்க்கரை தங்க இரவு குளிர வேண்டும். வெதுவெதுப்பான இரவில் புல் தன் சர்க்கரையைத் தானே மூச்சுவிட்டுத் தீர்த்துவிடும். வேல்ஸில் உள்ள குளிர் எல்லா நாட்டிலும் இருக்காதே. புரதத்தோடு ஒப்பிட்டால் சர்க்கரையின் விகிதம் ஒரு அளவைத் தாண்டினால்தான் பலன் தெரிகிறது என்பதும் போகப் போகப் புரிந்தது. ஆனாலும் பிரிட்டனில் இந்த ரகங்கள் சந்தையில் நின்றுவிட்டன. 

ரசாயனத்தைவிட விதையை நம்பலாம் என்பதற்கு நியூசிலாந்திலேயே இன்னொரு கதை உண்டு. சிறுநீர் விழும் மேய்ச்சல் நிலங்களில் டிசிடி என்ற நைட்ரேட்டாக்கத் தடுப்பு மருந்தை அங்கே தெளித்துவந்தார்கள். மருந்து நன்றாகவே வேலை செய்தது. ஒரு நாள் பால் பவுடரில் அதன் மிகச் சிறு தடயம் அகப்பட்டது. உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று அதிகாரிகள் சொல்லியும், பால் ஏற்றுமதியை நம்பிய நாடு ஆடிப்போனது. 2013 ஜனவரியில் உர நிறுவனங்கள் அந்த மருந்தின் விற்பனையை நிறுத்திவிட்டன. வேரின் கசிவு வேரோடு மண்ணில் நிற்பது. மேலே தெளிக்கும் மருந்தைப்போல இலையில் படிந்து பாலுக்கு வரும் வழி அதற்கு இல்லை.

ஐரோப்பாவிலோ தழைச்சத்து மாசு அரசியலாகவே வெடித்தது. 2019 மே மாதம் நெதர்லாந்தின் உச்ச நிர்வாக நீதிமன்றம், நைட்ரஜன் மாசைக் கணக்கில் சரிக்கட்டி அனுமதி கொடுக்கும் அரசின் முறை செல்லாது என்று தீர்ப்பளித்தது. கட்டுமானங்கள் நின்றன, மாட்டுப் பண்ணைகளின் மேல் கண் விழுந்தது, அக்டோபரில் டிராக்டர்கள் ஹேக் நகரத்துச் சாலைகளை அடைத்தன. மாட்டைக் குறை என்ற பேச்சு எழுந்தது. புல்லை மாற்று என்று சொல்லியிருந்தால் இவ்வளவு கூச்சல் எழுந்திருக்காது. ஆனால் புல்லை மாற்ற இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

கோவைக் கரணையும் யூரியா மூட்டையும்

தமிழ்நாட்டில் தீவனப் புல் என்றால் கம்பு நேப்பியர்தான். கம்பையும் யானைப்புல்லான நேப்பியரையும் கலக்கும் வேலை இந்தியாவில் முதலில் நடந்தது கோயம்புத்தூரில், 1953-இல். கம்புக்கு 14 குரோமோசோம், நேப்பியருக்கு 28, பிள்ளைக்கு 21. ஒற்றைப்படை என்பதால் விதை பிடிக்காது. கரணை வெட்டித்தான் நட வேண்டும். பிராக்கியாரியாவுக்கு விதையிலேயே நகல், இதற்குக் கரணையில் நகல். 2008-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 4, ஆண்டுக்கு ஏழு அறுவடையில் ஹெக்டேருக்கு 380 முதல் 400 டன் பசுந்தீவனம் தரும் என்பதுதான் அதன் புகழ். பிறகு 2012-இல் கோ 5 வந்தது.

அந்த டன்களுக்கு விலையும் உண்டு. அடியுரத்தோடு, ஒவ்வோர் அறுப்புக்குப் பிறகும் ஹெக்டேருக்கு 75 கிலோ தழைச்சத்து மேலுரமாகப் பரிந்துரைக்கப்படுகிறது. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் ஓர் அறுப்புக்கு ஒன்றரை மூட்டை யூரியா. அறுத்த கையோடு யூரியா வீசித் தண்ணீர் பாய்ச்சாத நேப்பியர் தோட்டத்தைக் கொங்கு மண்டலத்தில் பார்ப்பது அரிது. 45 கிலோ மூட்டை சுமார் 267 ரூபாய்க்குக் கிடைக்கிறது. உண்மையான விலையில் பெரும்பகுதியை மானியமாக அரசு ஏற்கிறது. மூட்டை இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது, யூரியாவைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் புல் வேண்டும் என்று எந்த விவசாயி கேட்பார்? இந்தியாவில் இந்த ஆராய்ச்சி சூடு பிடிக்காததற்கு விஞ்ஞானத்தைவிட இந்த விலைப் பட்டியல்தான் முதல் காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது.

2015-இல் உள்நாட்டு யூரியா முழுவதையும் வேப்பெண்ணெய் பூசியே விற்க வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்கியது. வேம்பின் கசப்புப் பொருட்கள் நைட்ரேட்டாக்கத்தைச் சற்று தாமதப்படுத்தும். ஹியூமிடிகோலா தன் வேரால் செய்வதை நாம் மூட்டைக்குள் பூசிச் செய்கிறோம். பூச்சு சில நாட்களில் தீர்ந்துவிடும். வேர் உயிரோடு இருக்கும்வரை அமோனியம் பட்டபோதெல்லாம் கசிந்துகொண்டே இருக்கும்.

நம்முடைய நிலைமையில் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே நேப்பியரை மாடு மேய்வதில்லை. அறுத்துக் கொண்டுபோய்க் கொட்டகையில் போடுகிறோம். சிறுநீர் வயலில் விழுவதில்லை, கொட்டகைச் சாக்கடையில் போகிறது. ஆகவே வயலில் நமக்குப் பிரச்சினை மேலுரமாக வீசும் யூரியா. கொட்டகையிலோ, புரதம் கூடிய இளம் புல்லைத் தவிடும் மாவுமில்லாமல் போட்டு, அதை மாடு சிறுநீராக்குவது. தழைச்சத்து மிகையாக ஏறிய இளம் தீவனத்தில் நைட்ரேட் சேர்ந்து மாட்டுக்கே நஞ்சாவதும் கால்நடை மருத்துவர்கள் அறிந்த விஷயம். வேலிமசால், குதிரை மசால் போன்றவற்றைப் புல்லோடு கலந்து நட்டால் யூரியாவைக் குறைக்கலாம் என்று பல்கலைக்கழகம் பல காலமாகச் சொல்லிவருகிறது. அசோஸ்பைரில்லம் பாக்கெட்டும் வேளாண் கிடங்குகளில் கிடைக்கிறது. இதுபோலப் புல்லின் வேரோடு வாழ்ந்து காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் நுண்ணுயிரிகளின் முக்கியத்துவத்தைப் பிரேசிலில் 1970களில் உலகுக்குக் காட்டியவர் யொஹானா டோபரைனர்.

புல் ரகத்தில் மாற்றம் கொண்டுவர மூலப்பொருள் நம் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. சோளத்தின் வேர் மயிரிலிருந்து கசியும் சோர்கோலியோன் என்ற எண்ணெய்ப் பொருளுக்கும் நைட்ரேட்டாக்கத்தைத் தடுக்கும் ஆற்றல் இருப்பதை ஜிர்காஸும் இக்ரிசாட்டும் காட்டியிருக்கின்றன. சோளம் நம் தீவனப் பயிர். பலமுறை அறுக்கும் கோ எஃப்எஸ் 29 இங்கே உருவான ரகம். பால்மிராவில் பின்தங்கிய கினியா புல்லிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தபோது, தடுக்கும் திறன் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டது. அதாவது ஒரு பாத்தியைப் பார்த்து ஓர் இனத்தையே ஒதுக்கிவிடக் கூடாது. கோதுமையில் இந்தப் பாதை ஏற்கெனவே திறந்துவிட்டது. மணல்வெளியில் வளரும் லைமஸ் என்ற காட்டுப்புல்லின் குரோமோசோம் துண்டு ஒன்றைக் கோதுமைக்குள் ஏற்றி, நைட்ரேட்டாக்கத்தைக் குறைத்துக் காட்டிய கட்டுரை 2021-இல் வெளியானது. அந்தக் கோதுமைக்கான கூட்டு ஆய்வு இப்போது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுவோடும் நடக்கிறது. காட்டுப்புல்லின் குணத்தைக் கோதுமைக்கு ஏற்ற முடிகிறபோது, புல்லின் குணத்தைப் புல்லுக்கு ஏற்றுவது அதைவிடக் கடினம் என்று சொல்ல முடியாது.

செய்ய வேண்டியதில் முதல் படிக்குப் பெரிய செலவு கிடையாது. முழு உரம் போட்ட பாத்தியில் மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் போக வேண்டும். உரத்தைக் கொட்டிய பாத்தியில் சிக்கனமான புல்லும் ஊதாரிப் புல்லும் ஒரே உயரம்தான் நிற்கும். பாதி உரம் போட்ட பாத்தி ஒன்று பக்கத்தில் இருந்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரிந்துவிடும். வேர்க்கசிவு, இலையின் அணு எடை எல்லாம் அதற்கு அடுத்த படி.

புதிய தீவன ரகம் வெளியிடும் பல்கலைக்கழகங்களிடமும் ஆராய்ச்சி நிலையங்களிடமும் தமிழ்நாட்டுப் பால் உற்பத்தியாளர்கள் ஒன்றைக் கேட்க வேண்டும். ஹெக்டேருக்கு எத்தனை டன் என்ற எண்ணோடு, ஒரு கிலோ தழைச்சத்துக்கு எத்தனை கிலோ உலர் தீவனம், பாதி உரத்தில் எத்தனை டன் என்ற இரண்டு எண்களையும் ரகக் குறிப்பில் அச்சிடுங்கள்.